ஹெர்ரிங் மீனும் ஜமைக்கா மசாலாவும்: ஸ்டாக்ஹோம் நாட்குறிப்பு

ஜூன் 5, 2025, வியாழன்

வியாழன் என்றால் அலுவலக உணவகத்தில் மஞ்சள் பட்டாணி சூப்தான். உள்ளே உப்பிட்ட பன்றி இறைச்சி, ஓரத்தில் கடுகு விழுது, முடிவில் ஜாம் தடவிய பான்கேக். கத்தோலிக்கக் காலத்து வெள்ளிக்கிழமை விரதத்துக்கு முந்தைய நாள் வயிற்றை நிரப்பிக்கொள்ள வந்த வழக்கம் என்கிறார்கள். விரதம் எப்போதோ போய்விட்டது, சூப் போகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஜமைக்காக்காரர், "எங்கள் ஊரில் சூப்புக்குச் சனிக்கிழமை" என்றார். ஞாயிறு வந்தால் தேங்காய்ப்பாலில் ராஜ்மாவோடு வெந்த சோறாம். கிழமை தவறாமல் சாப்பிடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மிட்சம்மர் என்னும் கோடைத் திருவிழா விருந்து. மேல் வீட்டுப் பாட்டி ஹெர்ரிங் ஊறப்போடக் கூப்பிட்டார். உப்பு மீனை முதல் நாள் இரவே தண்ணீரில் போட்டு உப்பை இறக்கியிருந்தார். கரைசலின் கணக்கை ஸ்வீடனில் குழந்தைகூடச் சொல்லும்: 12 சதவீத வினிகர் ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. காய்ச்சி, முழுக்க ஆறவிட வேண்டும். நான் சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போதே பாத்திரத்தைத் தூக்கியதற்கு முறைத்தார்.

கண்ணாடி ஜாடியில் மீன் துண்டு, சிவப்பு வெங்காயம், காரட் வட்டம், பிரிஞ்சி இலை என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், ஒவ்வோர் அடுக்குக்கும் பழுப்பு உருண்டைகள் சிலவற்றை எறிந்தார். மிளகைவிடப் பெரியவை, கடித்தால் கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் ஒன்றாக வாசம் அடிக்கும். ஆல்ஸ்பைஸ், நம் பக்கம் சர்வசுகந்தி என்பார்கள். ஜமைக்காவின் சரக்கு. அது இல்லாமல் இங்கே ஹெர்ரிங் ஊறாது, மாட்டிறைச்சிக் குழம்பு கொதிக்காது. இறைச்சி உருண்டையிலும் ஒரு சிட்டிகை உண்டு.

ஜூன் 20, வெள்ளி

புதிய உருளைக்கிழங்கு, சோம்பு இலை போலத் தோன்றினாலும் அதுவல்லாத டில் கீரை, புளித்த பாலேடு, ஸ்ட்ராபெர்ரி. நடுவே பாட்டியின் ஜாடி. ஜமைக்கா நண்பர் கோழி கொண்டுவந்திருந்தார். முந்தைய இரவே ஆல்ஸ்பைஸை இடித்து, ஸ்காட்ச் பானெட் மிளகாய், தைம், வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டோடு அரைத்துப் பூசி வைத்தது. ஜமைக்காவில் இந்த ஜெர்க் இறைச்சியை ஆல்ஸ்பைஸ் மரத்தின் விறகிலேயே சுடுவார்கள். தோட்டங்களிலிருந்து தப்பி மலைகளில் வாழ்ந்த மரூன் மக்கள் காட்டுப்பன்றிக்குச் செய்த பக்குவம் அது. விறகுக்கு இங்கே எங்கே போவது? தண்ணீரில் ஊறிய ஆல்ஸ்பைஸைக் கைப்பிடி கைப்பிடியாகக் கரித்துண்டுகள்மேல் தூவினார். புகை எழும்ப, பாட்டி மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என் ஜாடி வாசம் அல்லவா!" என்றார்.

ஸ்வீடன்காரர்களுக்கு மசாலா தெரியாது என்று நம்மவர்கள் சொல்வது சோம்பேறிப் பேச்சு. பாட்டி மசாலாவை முழுதாகப் போட்டு, வாசம் இறங்கியபின் தட்டோரம் ஒதுக்கச் சொல்கிறார். ஜமைக்காக்காரர் அதையே இடித்து, நெருப்பில் காட்டி, எலும்புவரை இறக்குகிறார். காரம் மட்டும்தான் இங்கே வந்து சேரவில்லை. அதன் இடத்தில் சர்க்கரை உட்கார்ந்துவிட்டது.

ஹெர்ரிங்கை அவருக்கு அறிமுகம் செய்யத் தேவையிருக்கவில்லை. அவர் ஊரிலும் ஊறிய ஹெர்ரிங்கை மிளகாய், ஆல்ஸ்பைஸோடு அரைத்து, சாலமன் கண்டி என்று பிஸ்கட்டில் தடவித் தின்பார்களாம். "மிளகாய் போட மறந்துவிட்டீர்கள்" என்று பாட்டியிடம் சொன்னார். பாட்டி சிரித்தார். நான் சிரிக்கத் துணியவில்லை.

ஜூலை 9, புதன்

வெப்பமண்டலத் தீவுக்காரருக்கு வடகடல் மீன் எப்படிப் பழக்கம்? விடை சுவையானதல்ல. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்வீடனின் மேற்குக் கரையில் ஹெர்ரிங் கொட்டோ கொட்டென்று கொட்டியது. உப்பிட்டுப் பீப்பாய்களில் ஏற்றுமதியானதில் ஒரு பகுதி கரீபியத் தோட்டங்களின் அடிமைகளுக்குப் போனது. கரும்பு வெட்டுகிறவர்களுக்கு மலிவான உப்பு மீன். அவர்கள் வெட்டிய கரும்பு ஐரோப்பாவுக்குச் சர்க்கரை. ஸ்வீடனுக்கே அங்கே ஒரு தீவும் இருந்தது: 1784இல் பிரான்சிடமிருந்து பெற்ற சான் பார்த்தலமி. அடிமைமுறையை அங்கே 1847இல்தான் ஒழித்தார்கள். 1878இல் தீவைத் திருப்பிக் கொடுத்தார்கள். தலைநகரின் பெயர் இன்றும் குஸ்தாவியா. கரைசலின் இரண்டு பங்கு சர்க்கரையை இனி வெறும் சர்க்கரையாக நினைக்க முடியாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆகஸ்ட் மூன்றாம் வியாழன், சுர்ஸ்ட்ரொம்மிங் நாள். பால்டிக் ஹெர்ரிங்கை, கெடாமல் காக்கும் அளவுக்கு மட்டும் உப்பிட்டுப் புளிக்கவிடுவது. டப்பாவுக்குள்ளும் புளிப்பு நிற்பதில்லை. மூடி உப்பிப் புடைத்திருக்கும். வீட்டுக்குள் திறப்பவன் பைத்தியக்காரன். முற்றத்தில் வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தித் திறந்தோம். அப்படியும் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

எழாதவர் கானாக்காரர். கேப் கோஸ்ட் ஊர். அங்குள்ள கோட்டைக்கு 1650களில் அடித்தளம் போட்டதும் ஒரு ஸ்வீடிஷ் கம்பெனிதான் என்று அவரே சொன்னார். மெல்லிய ரொட்டியில் வெண்ணெய், உருளைக்கிழங்கு, வெங்காயம், மேலே மீன் என்று சுருட்டி நிதானமாக மென்றார். "எங்கள் மொமோனே இதற்கு அண்ணன்" என்றார். அதுவும் புளித்த மீன். உப்பிட்டு வெயிலில் காய்ந்தது. ஆனால் அதை இப்படி வாய் நிறையத் தின்பதில்லை. சேம்பு இலை, பனை எண்ணெய், தக்காளி சேர்ந்த குழம்பில் சிறு துண்டு போதும், சட்டி முழுக்க ருசி ஏறும். "நீங்கள் மசாலாவையே சாப்பாடாக்கிவிட்டீர்கள்" என்று அவர் சொன்னதற்கு அங்கிருந்த ஸ்வீடன்காரர்களிடம் பதில் இல்லை. எனக்கும் அவர் கட்சிதான். அரைத் துண்டுக்கு மேல் இறங்கவில்லை.

மிஞ்சிய மீனைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக்கொண்டார். சனிக்கிழமை குழம்பு வைத்துத் தருகிறாராம். டப்பாவோடு மெட்ரோவில் போகிறார். அதே பெட்டியில் நான் ஏறுவதாக இல்லை.