பெட்டி தராசுல புல்லு நிறுத்த கதை: டாஃபியோட குளிர்காலத் தீனி, பிப்ரவரி வரைக்கும்

இங்கிலாந்துல, டெர்பிஷயர்ல பக்ஸ்டன் பக்கம், கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்துல ஒரு மேட்டு வயல். அங்க நிக்கிறவன்தான் டாஃபி, வெல்ஷ் காப்ங்கிற இனத்துக் குதிரை, 19 வயசு. என்னோட குதிரை இல்ல, ஓனரம்மாவோடது, காலைத் தீனி அவங்க, சாயங்காலத் தீனி நான், பதிலுக்கு சனி ஞாயிறு சவாரி எனக்கு. லாயம் கிடையாது, ராத்திரியும் வெளியிலதான், காத்துக்கு மறைப்பா அடுக்குக்கல் மதில் ஒண்ணு இருக்கு அவ்ளோதான். கூடவே ஒரு பெட்டைக் குதிரை, அவ ஒரு ரவுடி, அத பின்னாடி சொல்றேன்.

நவம்பர்ல வயலப் பாத்தா பச்சையாத்தான் இருக்கும், அதுல ஏமாந்துடாதீங்க. மண்ணு அஞ்சாறு டிகிரிக்கு கீழ போச்சுன்னா புல்லு வளர்றதே நின்னுடும், நாம பாக்குறது தின்னது போக மிச்சம், அதுலயும் பாதி சேறு. அதனால ஹே போடணும். ஹேன்னா வைக்கோல் இல்ல, புல்லையே வெட்டி காய வச்சு கட்டுறது, ஊர்ல சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. அம்மா வேற போன்ல "குதிரைக்கு கொள்ளு வைக்கலையாடா"ன்னு கேட்டாங்க. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு, சரிதான், ஆனா இவன் இளைச்சவனா கொழுத்தவனான்னே எனக்குத் தெரியல, அதுதான் பிரச்சனையே. குளிர்கால முடி கரடி மாதிரி மொத்தமா வளந்து நிக்குது, தூரத்துல இருந்து பாத்தா நல்லா உருண்டையா இருக்கான்.

டிசம்பர் நடுவுல ஒரு நாள் கிளவுச கழட்டிட்டு முடிக்குள்ள விரல விட்டுப் பாத்தேன், விலா எலும்பு ஒவ்வொண்ணா தட்டுப்பட்டுது, வாஷ்போர்டு மாதிரி. பகீர்னு ஆயிடுச்சு. டேப் எடுத்து அளந்தேன். நெஞ்சுச் சுத்தளவு சென்டிமீட்டர்ல, அத ஸ்கொயர் பண்ணி, உடம்பு நீளத்தால பெருக்கி, 11,877 ஆல வகுத்தா கிலோ வரும், தோராயம்தான். நவம்பர்ல சுத்தளவு 180, நீளம் 152, அதாவது 415 கிலோ. இப்ப சுத்தளவு 175, அதாவது 392. ஒரே மாசத்துல 23 கிலோ போயிருக்கு! மலைநாட்டு குதிரைங்க குளிர்காலத்துல கொஞ்சம் இளைக்கிறது வழக்கம்தான், ஆனா இது கொஞ்சம் இல்ல.

நான் உடனே பண்ணின தப்பு, தானிய மிக்ஸ் ஒரு வாளி கூட வச்சேன். ஓனரம்மா பாத்துட்டு, அடுப்புக்கு விறகு போடாம கற்பூரம் கொளுத்துற மாதிரி இருக்குன்ற அர்த்தத்துல ஏதோ சொன்னாங்க. விஷயம் என்னன்னா, நார்த்தீனி பெருங்குடல்ல போய் புளிக்கும்போது சூடு வருது, ராத்திரி பூரா குதிரையக் காப்பாத்துறது அந்த சூடுதான். ஒரு நாளைக்கு உடம்பு எடையில ஒன்றரையில இருந்து ரெண்டரை சதவீதம் வரைக்கும் காய்ஞ்ச தீனி வேணும், ரெண்டுன்னு வச்சா இவனுக்கு எட்டே கால் கிலோ, ஹேல கொஞ்சம் ஈரம் இருக்குறதால பத்து கிலோ கிட்ட போடணும்.

நான் பத்துதானே போடுறேன்னு நெனச்சேன், ஒரு நெட்டு, அதாவது ஹே அடைச்சு தொங்க விடுற வலைப் பை, அஞ்சு கிலோ, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. அப்பதான் சென்னை போறப்போ பெட்டி எடை பாக்குற கொக்கித் தராசு ஞாபகம் வந்துச்சு. நாலரை மணி, கும்மிருட்டு, நெத்தியில டார்ச்ச கட்டிக்கிட்டு நெட்டத் தூக்கி மாட்டினா 3.2 கிலோ! திருப்பி மாட்டினேன், அதே 3.2. ஆக ஒரு நாளைக்கு 6.4 கிலோ, அதுலயும் அந்த ரவுடி காத மடக்கிக்கிட்டு ஒரே ஒரு எட்டு வச்சா போதும், இவன் தன் நெட்ட விட்டுட்டு மரியாதையா ஒதுங்கிடுறான், அவ ரெண்டையும் மாத்தி மாத்தி தின்னுட்டு இருந்திருக்கா.

இப்ப ரெண்டு குதிரைக்கு மூணு நெட்டு, மதில் நெடுக நல்லா தள்ளித் தள்ளி. அவ ஒண்ணுல இருந்து விரட்டினா இவன் காலியா இருக்குற மூணாவதுக்கு போயிடுறான், அவளும் நாலஞ்சு நாள்ல அலுத்துப் போய் விட்டுட்டா. காலையும் சாயங்காலமும் மூணு மூணு, ஆளுக்கு 9.6 கிலோ கணக்கு. கூட சுகர் பீட், அதாவது சர்க்கரை எடுத்த பீட் சக்கை, குச்சி குச்சியா வரும், முந்தின நாளே தண்ணில ஊற வைக்கணும், ரெண்டு கை அள்ளிப் போட்டா மறுநாள் வாளிக்கு பாதி வந்து நிக்கும். வெளிய வச்சா உறைஞ்சு போகுதுன்னு வீட்டு கிச்சன்லயே வச்சேன், வீட்டம்மா அந்த வாடைக்கு இன்னும் என்னை மன்னிக்கல. எள்ளுக்கு பதிலா வேக வச்ச ஆளிவிதைத் தூள் ஒரு கைப்பிடி.

தண்ணிய மறந்துடாதீங்க. ஜனவரில ஒரு வாரம் தொட்டி மேல ரெண்டு விரல் கனம் ஐஸ், குதிரை குடிக்கலன்னா காஞ்ச புல்லு குடல்ல அடைச்சுக்கும். சுத்தியலால உடைச்சு, துண்ட வெளிய அள்ளிப் போட்டேன், உள்ளயே விட்டா அரை மணில திரும்ப ஒட்டிக்குது.

நேத்து அளந்தேன், 178. அதாவது 405 கிலோ, விலா எலும்பு அழுத்தினாத்தான் தெரியுது. இப்ப கவலை வேற, ஒரு நாளைக்கு ஒரு பேல், அதாவது ஒரு கட்டு ஹே போகுது, ஷெட்ல 22தான் இருக்கு, இங்க புல்லு தலை தூக்க ஏப்ரல் ஆயிடும். வேற ஆளுகிட்ட வாங்கணும், புது ஹேவ ஒரேயடியா மாத்தாம ஒரு வாரமாவது பழசோட கலந்து குடுக்கணும், அதனால பழசு தீர்றதுக்குள்ள லோடு வந்தாகணும். சனிக்கிழமை ஒருத்தர பாக்க போறேன், தராசு கார்லயே கிடக்கு.