வாய் திறக்காத சர்வரும் ராத்திரி ஆர்சிங்க்கும்

சர்வர் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டால் தொல்லையில்லை. ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று நொடியில் தெரிந்துவிடும். ஏற்காட்டு எஸ்டேட் ஆபீசிலிருந்து சேலம் ஐந்து ரோட்டில் உள்ள சர்வருக்கு ராத்திரியில் ஃபைல் ஏற்றும் எங்களைப் படுத்தியது ஊமை சர்வர்தான். காலையிலும் ஆர்சிங்க் (ஃபைல் நகலெடுக்கும் புரோகிராம்) ‘ஓடிக்கொண்டே’ இருக்கும். ஒரு பைட்கூட நகர்ந்திருக்காது.

காரணம், ஆர்சிங்க்கின் டைம்அவுட் இயல்பாகவே 0. அதாவது காத்திருப்புக்கு எல்லையே இல்லை. கோடை இடிமழையில் கீழே கரண்ட் போனால், பாதியில் நிற்கும் டேட்டாவை லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, கைவிடச் சுமார் 15 நிமிடம் ஆகும். அனுப்ப எதுவுமில்லாமல் பதிலுக்குக் காத்திருந்தால், லைன் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் எட்டிப் பார்ப்பதே 2 மணி நேரம் கழித்துத்தான்.

ஆர்சிங்க் போகும் பாதுகாப்பான வழியான எஸ்எஸ்ஹெச்சில் கனெக்ட்டைம்அவுட் 20 நொடி, சர்வர்அலைவ்இன்டர்வல் 15 நொடி, சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 3 என்று வைத்தோம். அதாவது 15 நொடிக்கு ஒருமுறை விசாரிப்பு, 3 முறை பதில் இல்லையென்றால் வெட்டு. செத்த லைன் முக்கால் நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. ஆனால் சர்வரின் டிஸ்க் மட்டும் தொங்கினால் இது பலிக்காது: பிங் வரும், எஸ்எஸ்ஹெச்சும் பதில் சொல்லும், ஆர்சிங்க் மட்டும் அசையாது. அதற்கு ஆர்சிங்க்கின் சொந்த டைம்அவுட்தான் மருந்து. 60 நொடி வைத்துப் பார்த்தோம். செக்சம் (ஃபைல்களை ஒப்பிடும் கணக்கு) கேட்கும்போது பெரிய ஃபைலைப் படித்துக்கொண்டிருந்த நல்ல சர்வரையும் அது வெட்டிவிட்டது. 300 சரிப்பட்டது. கனெக்ஷன் கிடைக்கக் காத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் கான்டைம்அவுட் ஆப்ஷனை எஸ்எஸ்ஹெச் வழியில் போட்டால் எரர்தான் வரும். அது ஆர்சிங்க் டீமனுக்கு (எஸ்எஸ்ஹெச் இல்லாமல் நேராகப் பேசும் ஆர்சிங்க் சர்வர்) மட்டும்.

லாகின் ஆகிறது, சின்ன ஃபைல் போகிறது, பெரியது மட்டும் நிற்கிறது என்றால் சர்வரைத் திட்டாதீர்கள், எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பாருங்கள். பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிராட்பேண்ட்) லைனில் அது 1492 பைட். துண்டாக்கத் தடை போட்டு 1464 பைட் பிங் அனுப்புங்கள் (ஹெடர் 28). அது போகாவிட்டால் வழியில் இன்னும் சின்ன எல்லை இருக்கிறது; ரவுட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்ப் (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவைக் குறைக்கும் செட்டிங்) போடுங்கள்.

பாதியில் நின்ற ஃபைலைக் காத்து வைக்கும் பார்ஷியல்-டிர் போன்ற ஆப்ஷன் இல்லாவிட்டால் 4 ஜிபி பேக்கப் மறுபடி முதலிலிருந்து. அது இருந்தாலும், வாங்கும் பக்கம் கரண்ட் போய்ச் செத்தால் புள்ளியில் தொடங்கும் தற்காலிக ஃபைல் அங்கேயே கிடக்கும். கையால்தான் அழிக்க வேண்டும்.

ஆர்சிங்க் முடியும்போது தரும் எக்ஸிட் கோடு 30 என்றால் டைம்அவுட், 255 என்றால் எஸ்எஸ்ஹெச் கோளாறு. இந்த இரண்டுக்கு மட்டும் 2, 5, 15 நிமிட இடைவெளியில் மறுமுயற்சி. 24 என்றால் நடுவில் யாரோ ஃபைலை அழித்திருக்கிறார்கள், விட்டுவிடலாம். குறித்த நேரத்தில் ஜாபைத் தொடங்கும் கிரானில் எஃப்லாக் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடும் பூட்டு) கட்டாயம். இல்லையென்றால் தொங்கும் பழைய ஜாப் மேல் புதியது ஏறி, இரண்டும் ஒரே ஃபைலுக்கு அடித்துக்கொள்ளும்.