பத்து வருட கார்டா, பாஸ்போர்ட்டா

வரும் நவம்பரில் என் பத்து வருட கார்டு முடிகிறது. பிரான்சில் 'கார்த் து ரெசிதான்' என்று சொல்கிற பத்து வருட வசிப்பு அட்டையைத்தான் சொல்கிறேன். 2016-ல் அதை வாங்கியபோது 2026 என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, அதுவரைக்கும் கவலையில்லை என்று பையில் வைத்தேன். இப்போது அதைப் புதுப்பித்தால் போதுமா, இல்லை பிரெஞ்சு நேஷனாலிட்டிக்கே மனு போட்டுவிடலாமா என்று மூன்று மாதமாக வீட்டில் இதே பேச்சு. லீவுக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாமியார் வீட்டுக்கு வந்த பிறகும் அது ஓயவில்லை.

நான் கடலூர், மஞ்சக்குப்பம். வீட்டுக்கு ஒரே பெண். கல்யாணம் 2012 பிப்ரவரியில். தானே புயல் அடித்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம், பந்தல் போட நல்ல கழி கிடைக்காமல் அப்பா அலைந்தார். கணவர் புதுச்சேரிக்காரர், பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுக் குடிமகன். நான் 2013-ல் பாரிஸ் போனேன், வடக்குப் புறநகரில் வீடு. பிள்ளைகள் இருவரும் அப்பா வழியில் பிறப்பிலேயே பிரெஞ்சு. ஆக நாலு பேர் வீட்டில் இந்தியப் பாஸ்போர்ட் என்னுடையது ஒன்றுதான்.

புதுச்சேரியில் 'நேஷனாலிட்டி' என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. 1954 நவம்பர் 1-ல் ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது, 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது, அது சட்டப்படி அமலானது 1962 ஆகஸ்ட் 16. ஊரில் பிறந்து ஊரிலேயே இருந்தவர்கள் அன்றைக்குத் தானாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சாகவே இருக்க வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கணவரின் தாத்தா இந்தோசீனா வரை போய்வந்த சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், எழுதிக் கொடுத்தார். அவர் தம்பி கொடுக்கவில்லை. ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இரண்டு குடும்பம், ஒன்றுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன், இன்னொன்றுக்கு இங்கே ரேஷன் கார்டு. அந்தத் தாத்தாவின் மனைவி, எங்கள் ஆயாவிடம் ஒருமுறை கேட்டேன், நீங்கள் யோசித்தீர்களா என்று. "என்னத்த யோசிக்கிறது, ஒரு தாளக் கொண்டாந்தாரு, இங்க பேரு போடுன்னாரு, போட்டேன்" என்றார்.

எனக்கு யோசிக்க நேரம் இருக்கிறது, அதனால் யோசித்தேன்.

முதலில் எதை இழப்பேன் என்று பார்த்தேன். பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையைத் தடுப்பதில்லை, இந்தியா ஒத்துக்கொள்வதில்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, நாமாக விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அந்த நொடியே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்குவது அதற்கு அப்புறம் வருகிற காகித வேலை மட்டும்தான். இதைத் தெரியாமல் பழைய பாஸ்போர்ட்டிலேயே ஊருக்கு வந்துபோய், பிறகு அபராதம் கட்டியவர்களை எங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

அப்புறம் நிலம். பண்ருட்டிப் பக்கம் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானேயில் அத்தனை மரமும் வேரோடு சாய்ந்தது. மறு வருடமே விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ-3 ஒட்டுக்கன்று வாங்கி வந்து, குழி எடுத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி மறுபடி வளர்த்தார். இந்தத் தோப்பு எனக்குத்தான் என்று அவருக்கு ஆசை. பாஸ்போர்ட் மாறினால் நிலம் போய்விடுமே என்பதுதான் என் பெரிய பயமாக இருந்தது, அதனாலேயே நாலைந்து வருடம் இந்தப் பேச்சை எடுக்காமல் தள்ளிப்போட்டேன்.

போன வருடம் அப்பா, உயிரோடு இருக்கும்போதே தோப்பை எனக்குத் தானமாக எழுதி வைக்கிற செட்டில்மெண்ட் பத்திரம் எழுதலாம் என்று பத்திர எழுத்தரிடம் போனார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு எங்க இருக்கு?" வெளிநாடு என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். விசாரித்தால் விஷயம் இதுதான்: வெளிநாட்டில் வசிக்கிற இந்தியருக்கும் ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கிற அட்டை) வைத்திருப்பவருக்கும் இந்த விஷயத்தில் அந்நியச் செலாவணிச் சட்டம் ஒரே விதியைத்தான் வைத்திருக்கிறது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இவற்றை இரண்டு பேருமே விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசாக வந்தால் இரண்டு பேருமே வைத்துக்கொள்ளலாம். விற்க நினைத்தால் இந்தியாவில் வசிக்கிற இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். அதாவது நான் பாரிஸில் உட்கார்ந்துகொண்டு இந்தியப் பாஸ்போர்ட்டைக் கட்டிக் காத்தாலும், தோப்பு விஷயத்தில் அது எனக்கு ஒரு பைசா கூடுதலாகத் தரவில்லை. இங்கேயே திரும்பி வந்து குடியிருந்தால்தான் அந்த வித்தியாசம். செட்டில்மெண்ட் வேண்டாம், உயில் எழுதினால் சரி, அவ்வளவுதான். நாலைந்து வருடம் பயந்தது இதற்கா என்று அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓட்டு மட்டும் உண்மையாகவே போகிறது. இதைச் சின்ன விஷயமாக நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களும் பதிந்துகொண்டு ஓட்டுப் போடலாம் என்று 2010-ல் சட்டம் திருத்தினார்கள், 6ஏ படிவம் கொடுத்தால் போதும், ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். 2024 ஏப்ரல் 19-ல் பிள்ளைகளுக்கு வசந்தகால விடுமுறையும் கடலூர் ஓட்டுப்பதிவும் ஒன்றாக வந்தது. அம்மாவோடு பள்ளிக்கூட வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டைக் காட்டி, விரலில் மை வைத்துக்கொண்டு வந்தேன். அந்த மை பாரிஸில் வேலைக்குப் போன பிறகும் நகத்தில் இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் என்ன என்று கேட்டார்கள், சந்தோஷமாகச் சொன்னேன்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரான்சில் நான் 13 வருடமாக இருக்கிறேன், சம்பளம் வாங்குகிறேன், வரி கட்டுகிறேன், எங்கள் ஊர் மேயரைத் தேர்ந்தெடுக்கக்கூட எனக்கு ஓட்டு கிடையாது. பிரான்ஸ் மண்ணை மிதித்தே இராத ஆயா 2022 ஏப்ரலில் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலேயே ஓட்டுப் போட்டார், கணவரின் தம்பி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். என் பிள்ளைகள் படிக்கிற பள்ளி, நான் வேலை பார்க்கிற மருத்துவமனை, இவற்றை முடிவு செய்கிற இடத்தில் எனக்குச் சொல் வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

வேலையைச் சொன்னேனே, அதுவும் ஒரு காரணம். அரசு மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாடு ஊட்டிக் கவனிக்கிற உதவியாளர் வேலை. அங்கே அரசு ஊழியராக நிரந்தரம் ஆக வேண்டும் என்றால் பிரெஞ்சுக் குடிமகனாகவோ மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடிமகனாகவோ இருக்க வேண்டும். நாங்கள் எத்தனை வருடம் உழைத்தாலும் ஒப்பந்தம்தான். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கு நான்தான் வேலை சொல்லிக் கொடுத்தேன், அவர்கள் நிரந்தரம் ஆகிவிட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் என்னைத் திருப்பியது வேறு ஒன்று. போன வருடம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஓடி வந்து நாலு மாதம் இருந்தேன். ராத்திரி அம்மாவுக்குப் படுக்கையில் திரும்பிப் படுக்க ஒரு கை வேண்டும், அதனால் விழித்தே இருப்பேன், அந்த நேரத்தில்தான் போனில் என் கார்டைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். அதை வைத்திருப்பவர் தொடர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் பிரான்சுக்கு வெளியே இருந்தால் கார்டு செல்லாது. முன்கூட்டிக் கேட்டு நீட்டிக்கலாம், கொடுப்பது அவர்கள் கையில். நடுவில் ஒருமுறை வந்து தலைகாட்டிவிட்டுப் போனால் ஆயிற்றே என்று கணவர் சொன்னார். படுத்த படுக்கையாக இருக்கிற அம்மாவையோ அப்பாவையோ விட்டுவிட்டு, கார்டுக்காக தேதி எண்ணிக்கொண்டு விமானம் ஏறுகிற நிலைமை எனக்கு வேண்டாம் என்றேன்.

யோசித்துப் பாருங்கள், நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கு நேர் எதிராக இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டால் இந்தியாவில் நீண்ட நாள் இருக்க முடியாது, இருந்தால் பிள்ளைகள் வளர்கிற நாட்டுக்குள் போக மறுபடி விசாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ.யும் இருந்தால் மஞ்சக்குப்பத்தில் ஐந்து வருடமோ பத்து வருடமோ அம்மா பக்கத்திலேயே இருக்கலாம், போலீஸ் பதிவுகூட வேண்டாம், என்றைக்குத் திரும்பினாலும் கதவு திறந்திருக்கும். முன்னாள் இந்தியர் என்பதால் ஓ.சி.ஐ. என் சொந்த உரிமையில் வரும், கணவரை வைத்து வருவது இல்லை. அவருக்கு வந்த வழியே வேறு, 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறதே, அது எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்காகவே எழுதினது மாதிரி இருக்கும். பின்னொரு நாள் மனது மாறினால், ஓ.சி.ஐ. வாங்கி ஐந்து வருடம் ஆகி, மனுவுக்கு முன்னால் பன்னிரண்டு மாதம் இங்கே வசித்திருந்தால், இந்தியக் குடியுரிமைக்கே திரும்ப விண்ணப்பிக்கலாம். பிரெஞ்சை விட வேண்டியிருக்கும், ஆனால் வழி இருக்கிறது.

கல்யாணமாகிப் போன பெண்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. திருமணத்தின் பேரில் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பது நாலு வருடச் சேர்ந்த வாழ்க்கைக்குப் பிறகு கிடைக்கிற உரிமை. அதற்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குப் பிரிவோ இழப்போ வந்துவிட்டால் அந்த வழி மூடிவிடும், அப்புறம் அரசு பார்த்துக் கொடுக்கிற வழிதான், கொடுக்கலாம், மறுக்கலாம். எங்கள் குடும்பத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை, ஆண்டவன் புண்ணியம். ஆனாலும் என் காலடி நிலம் என் பேரில் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதில் தப்பு இல்லை, அவரும் அதைப் புரிந்துகொண்டார்.

தள்ளிப்போட்டதற்கு விலையும் கொடுக்கிறேன். போன டிசம்பர் வரை குடியுரிமைக்கான பிரெஞ்சு மொழித் தேர்வில் பி1 நிலை போதும், அந்தச் சான்றிதழ் என்னிடம் இருந்தது. 2026 ஜனவரி 1-லிருந்து அதற்கு ஒரு படி மேலே, பி2 வேண்டும். வார்டில் நோயாளிகளோடு நாளெல்லாம் பிரெஞ்சு பேசுகிறேன், அது சரளம், ஆனால் ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. இப்போது தினமும் விடிகாலை மாமியார் வீட்டு மாடியில் உட்கார்ந்து பெரிய மகனிடம் திருத்தி வாங்குகிறேன். அவனுக்குப் பதினொரு வயது, கறாரான வாத்தியார். அத்தை காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு வருஷம் அங்க இருந்துட்டு இன்னும் பரீட்சையா" என்று தலையைத் தடவிவிட்டுப் போவார்.

கார்டையும் புதுப்பிக்கிறேன், அது தனி. குடியுரிமை மனு முடிவாக ஒரு வருடம் ஆகலாம், அதுவரை கையில் செல்லுபடியான கார்டு இருந்தே ஆக வேண்டும். இதையா அதையா என்று கேட்பவர்கள் இரண்டையும் சேர்த்தே ஆரம்பியுங்கள். பிறப்புச் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்ள வைக்கிற அப்போஸ்தில் முத்திரையை இந்தியாவிலேயே வாங்க வேண்டும், லீவில் வரும்போதே முடித்துவிடுங்கள், நான் இந்த முறை முதல் வாரமே அதைக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லப் போனேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், முள்ளோடை தாண்டும்வரை பஸ்ஸில் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தோப்பில் காய்ந்த கிளை கழித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு கொஞ்ச நேரம் பேசவில்லை, அரிவாளைத் துடைத்து மரத்தில் மாட்டினார்.

"பாப்பா, அந்தப் பாஸ்போர்ட்ட அப்படியே புடுங்கி வச்சிக்குவாங்களா?"

"இல்லப்பா, ரத்துன்னு முத்திரை குத்தித் திருப்பித் தருவாங்க."

"அப்ப அத எங்கிட்ட குடுத்துடு. நெலத்துப் பத்திரத்தோட பெட்டியில வச்சிக்கிறேன்."