உதிராத நெல்
நேற்று பர்மாவில் பெகு பக்கம் மாமா வயலுக்குப் போயிருந்தேன். வரப்போரம் நின்ற களைநெல்லைத் தொட்டதுதான் தாமதம், மணியெல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டது. பக்கத்தில் நட்ட நெல்லோ, உலுக்கினாலும் அசையவில்லை. "சனியன், அறுக்கும்வரை பொறுக்காதுடா" என்றார் மாமா.

தானாக வளரும் காட்டுநெல்லும் இப்படித்தான்; மணி மண்ணில் உதிர்ந்தால்தான் அதற்குப் பிழைப்பு. சீனாவின் யாங்சி ஆற்றங்கரையில் அதைப் பொறுக்கித் தின்ற மக்கள் கையில் தங்கியது உதிராத கதிர்தான். அதையே விதைத்து, மறுபடி விதைத்து, நெல் மனிதனை நம்பி வாழும் பயிராக மாறச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆயின. மேற்காசியாவில் கோதுமைக்கும் பார்லிக்கும் இதே கதை, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு. இதைத்தான் பள்ளியில் 'வேளாண் புரட்சி' என்று ஒரே வரியில் முடித்தார்கள். நல்ல புரட்சி!

களைநெல் கதிர் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டு வந்தேன். வீட்டில் எடுத்தால் காம்பு தனி, மணி தனி.