மூடுபனியில் காதால் பறவை பார்ப்பது: டயகமப் பக்கத்துக் குறிப்புகள்

இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை லேசில் விடாது. அக்கரப்பத்தனை, டயகம, அப்படியே மேலே ஹோர்ட்டன் சமவெளி வரைக்கும் தென்மேல் பருவக்காற்று நேராக வந்து மோதுகிற இடம். காலையில் கதவைத் திறந்தால் எதிர் லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தெரியாத நாட்கள் உண்டு. இப்படி ஒரு இடத்தில் இருந்துகொண்டு பறவை பார்க்கப் பழக முடியுமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். முடியும். ஆனால் கண்ணுக்கு முன்னால் காது பழக வேண்டும். இதுவரை நான் செய்து பார்த்ததில் எது சரிவந்தது, எது இன்னும் பிடிபடவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன். மலையகத்தில் மற்றத் தோட்டங்களில் இருப்பவர்களும் இதைத் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

சாமான் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய 8×42 பைனாகுலர் ஒன்று, சி.ஆர். கொப்பி என்கிற தடித்த அட்டை நோட்டு, பென்சில், போன், குடை. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். மங்கல் வெளிச்சத்துக்கு இந்த அளவு நல்லது. பேனா வேண்டாம், ஈரத்தில் மை கரைந்து ஓடிவிடும்.

நான் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் லயத்துக்குக் கீழே ஓடையைக் கடக்கிற கல்பாலம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஓடைக்கரையில் துண்டாக மிஞ்சிய காடு. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் போய் நிற்பேன். பல இடங்களுக்கு அலைவதைவிட ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிற்பதுதான் காதுக்குப் பாடம். இன்றைக்குக் கேட்டது நேற்றுக் கேட்டதா, புதிதா என்று அப்போதுதான் தெரியும்.

கொப்பியில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டேன். முதல் கட்டத்தில் சத்தம், தமிழ் எழுத்திலேயே. இரண்டாவதில் அது எங்கிருந்து வந்தது: தேயிலை மட்டத்திலா, மர உச்சியிலா, தண்ணீர் ஓரத்திலா. மூன்றாவது பெயர். அந்தக் கட்டம் வாரக்கணக்கில் காலியாகக் கிடக்கும், பரவாயில்லை. பனி விலகுகிற ஒரு காலையில் குருவி கண்ணில் பட்டதும் பழைய பக்கங்களையும் சேர்த்து நிரப்பிவிடலாம். அந்த நேரத்தில் வருகிற சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

முதலில் பிடிபட்டது குக்குறுவான். மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் இலங்கையில் மட்டுமே வாழ்கிற பறவை. தேயிலைக்கு நிழல் தருகிற கிரவிலியா மர உச்சியில் இருந்துகொண்டு உருட்டலாகத் தொடங்கி, பிறகு ஒரே தாளத்தில் நெடுநேரம் கூப்பிடும். ஒன்று தொடங்கினால் அடுத்த மலையில் இருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். பச்சை இலைக்குள் பச்சை உடம்போடு இருப்பதால் வெயில் அடித்தால்கூடக் கண்டுபிடிப்பது கஷ்டம். காதுக்கு மட்டும் அது ஒளிவதே இல்லை. பட்டுப்போன மரத்தைக் குடைந்துதான் கூடு வைக்கும். அதனால் விறகு வெட்டுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பொந்து விழுந்த கொம்பு இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது மஞ்சள் காதுச் சின்னான். இதுவும் இலங்கைக்கே உரியது, அதுவும் மலைநாட்டில்தான் இருக்கும். ஊரில் எல்லா இடத்திலும் திரிகிற கொண்டைக்குருவிக்குச் சொந்தம் என்றாலும் குரல் வேறு. குழலில் சின்னச் சின்னதாக ஊதிவிட்ட மாதிரித் தெளிவாக வரும். ஓடைக்கரைக் காட்டின் ஓரத்தில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து திரியும். இலங்கை வெள்ளைக்கண்ணி கூட்டமாக வரும். வருவதற்கு முன்னால் அதன் கிசுகிசுப்பு வந்துவிடும். இந்தக் கூட்டத்தோடு பட்டாணிக்குருவி, ஈப்பிடிப்பான் எல்லாம் சேர்ந்து போவதால், வெள்ளைக்கண்ணிச் சத்தம் கேட்டால் இன்னும் நாலைந்து வகை பின்னால் வருகிறது என்று தயாராகிவிடலாம்.

தேயிலைக்குள்ளேயே குடியிருப்பது கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு. இலங்கையில் இதை மலைநாட்டில்தான் பார்க்கலாம். கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிட்ட மலையில், வெறும் குச்சி நுனியில் உட்கார்ந்து பாடும். ஆண் கறுப்பு, இடுப்பிலும் இறகிலும் வெள்ளை. பெண் மண் நிறம். இதைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர்கள் கொழுந்து எடுக்கிற அக்காமார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருநாள் ஒரு அக்கா கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒன்பதாம் நம்பர் மலையில தண்ணிக் கான் ஓரமா ஒரு பொந்து இருக்கு. உள்ள முட்டை."

"எந்தக் குருவி அக்கா?"

"அதான், வாலை ஆட்டிக்கிட்டே இருக்குமே. கறுப்பா, முதுகுப் பக்கம் வெள்ளையா. நாங்க அந்த நிரையில சத்தம் போடாம எடுத்துட்டு வந்துட்டோம்."

வருஷக்கணக்காக அதே மலையில் நடக்கிறவர்களுக்கு எந்தச் செடிக்குள் கூடு, எந்தக் கல்கட்டில் பொந்து என்று எல்லாம் தெரியும். யாரும் அவர்களிடம் கேட்டதில்லை, எழுதி வைத்ததும் இல்லை. என் கொப்பியின் பாதி அவர்கள் சொன்னதுதான். நுவரெலியாவுக்குக் கமரா தூக்கி வருகிற வெளிநாட்டுக்காரர்கள் நாள் கூலி கொடுத்து வழிகாட்டி தேடுகிறார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு இருக்கிற இந்த அறிவுக்கும் ஒரு மரியாதை, ஒரு வருமானம் கிடைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சத்தத்தைப் போனில் பதிவதில் ஓடை இரைச்சல்தான் பெரிய தொல்லை. அதற்கு ஒரு வழி கிடைத்தது. குடையை விரித்துச் சாய்த்து, கம்பு நடுவில் வருகிற மாதிரிப் போனைக் குடையின் உட்பக்கத்தைப் பார்த்து வைத்து, திறந்த பக்கத்தைப் பறவை இருக்கும் திசைக்குத் திருப்ப வேண்டும். பின்னால் இருக்கிற இரைச்சல் கொஞ்சம் குறையும், முன்னால் வருகிற மெல்லிய சத்தம் குவிந்து விழும். போனைக் கம்பில் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் எந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறது என்று பிடிபடும். உச்சக் குரல்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது, புறா மாதிரித் தாழ்ந்த குரலுக்கு அவ்வளவாக இல்லை. வீட்டுக்கு வந்து, பறவைக் குரல்களைச் சேர்த்து வைக்கிற சீனோ-கான்டோ இணையத் தளத்தில் இலவசமாக இருக்கிற பதிவுகளோடு ஒப்பிடுவேன். சிக்னல் வேண்டுமென்றால் மேட்டு லயத்துக்கு ஏற வேண்டும், அது வேறு கதை.

காதை நம்பிப் போவது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பறவை ஆய்வாளர் தீபால் வாரகாகொட 1995ல் கித்துல்கலைக் காட்டில் இரவில் ஒரு புதுக் குரலைக் கேட்டார். பறவையைக் கண்ணால் பார்த்தது 2001ல், சிங்கராஜாவில். 2004ல் அது புது ஆந்தை இனம் என்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஆறு வருஷம் ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். கித்துல்கலை எங்கள் மலைக்குக் கீழ்தான் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குத் தெம்பு வருகிறது.

செப்டெம்பர் கடைசியில் மழை கொஞ்சம் மட்டுப்படும்போது வடக்கே இருந்து விருந்தாளிகள் இறங்குவார்கள். எங்கள் ஓடைக்கு முதலில் வருவது சாம்பல் வாலாட்டி. இமயமலையிலும் அதற்கும் வடக்கிலும் இருந்து வந்து, கல்லுக்குக் கல் தாவி, 'சிட்சிட்' என்று கூர்மையாகக் கத்தும். தண்ணீர் இரைச்சலையும் தாண்டிக் கேட்கிற குரல். ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி. காலை ஆறை ஒட்டியும் மாலை ஆறை ஒட்டியும் இரண்டு சுருதியில் ஒரு சீழ்க்கை, அவ்வளவுதான். மற்ற நேரம் புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்.

இது இரவில் பயணம் செய்கிற பறவை. வந்து சேர்கிற காலத்தில் களைத்துப்போய் விளக்கு வெளிச்சத்துக்கு இழுபட்டுக் கட்டிடங்களில் மோதி விழும். ஒரு இரவு ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) காவல் தாத்தா துவாயில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். "வெளக்கடியில விழுந்து கெடந்திச்சு, பூனை தூக்கிட்டுப் போயிரும்னு எடுத்துட்டேன்" என்றார். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, மூடி, இருட்டான மூலையில் வைத்தோம். தண்ணீரோ சோறோ வாய்க்குள் திணிக்கக் கூடாது, அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது. பிள்ளைகளை அப்பால் நிறுத்துவதுதான் பெரிய வேலையாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் ஓடைக்கரைப் புதருக்குள் விட்டோம். நன்றாகவே பறந்து போனது. யார் வீட்டில் இப்படி விழுந்தாலும் இதைத்தான் செய்ய வேண்டும்.

நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கும் பஸ் மாறிப் போய் வந்தேன். நடு ஊரில் இருக்கிற பூங்கா என்றாலும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் பனிக்காலத்தைக் கழிக்க வருகிற இடம் அது. காஷ்மீர்ப் பக்கத்து மலைக்காடுகளில் கூடு வைத்துவிட்டு, குளிர்காலத்தில் இலங்கை மலைநாட்டுக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் வரும் சின்னக் குருவி. ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கோடு. பார்த்துவிட்டேன். எங்கள் ஓடையில் அது வருகிறதா என்று இந்தப் பருவம் முழுக்கத் தேடப்போகிறேன்.

இன்னும் கண்ணில் படாதது இலங்கைச் சீகாரப் பூங்குருவி. மலைக்காட்டு ஓடைகளில், பெரும்பாலும் இருட்டும் வெளிச்சமும் கலக்கிற நேரத்தில் கீச்சென்று கத்தும் கூச்சக்காரப் பறவை. 1872ல் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் அறிவியல் பெயரில் இருக்கிற பிளை என்பவர் தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்துத் தோட்டத் துரை. பாலத்துக்கு மேலே காட்டுக்குள் இருந்து அப்படி ஒரு சத்தம் கேட்கிறது. கொப்பியில் கேள்விக்குறியோடுதான் இருக்கிறது, பார்க்காமல் பெயர் எழுத மாட்டேன்.

காட்டுக்குள் இருட்டில் தனியாகப் போய்த் தேடலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது. அதைவிட ஆபத்து, பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி ஒரு சுருக்கில் மாட்டி, பிறகு செத்துப்போனது. மனிதன் காலும் அதில் சிக்கும். குளவிக்கூடு இருக்கிற பாறை, மரம் எல்லாம் கொழுந்து எடுக்கிறவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் சத்தமும் வேண்டாம், புகையும் வேண்டாம். இரத்தம் குடிக்கிற அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்த நீளக் காலுறை போதும்.

இப்போது லயத்துப் பையன்கள் மூன்று பேர் என்னோடு பாலத்துக்கு வருகிறார்கள். முன்பு உண்டிவில்லோடு திரிந்தவர்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு கொப்பி கொடுத்திருக்கிறேன். காதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். "அண்ணே, அது குக்குறுவான் இல்ல, கேட்டுப் பாருங்க" என்று திருத்துகிறார்கள், சரியாகவும் இருக்கிறது.

ஜனவரியில் வானம் வெளுத்ததும் அவர்களையும் கூட்டிக்கொண்டு பட்டிப்பொல வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகத் திட்டம். விடிகாலையில் அங்கே குளத்தோரம் பூங்குருவி வரும் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்து ஓடையில் சாம்பல் வாலாட்டியை இந்த வருஷம் முதலில் கேட்ட திகதியைக் குறித்து வையுங்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவை, ஹப்புத்தளை, பதுளை, எந்தப் பக்கமானாலும் சரி. ஹப்புத்தளை, பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் மழைக்காலம் வேறு என்பதால் அங்கே முன்னே வருகிறதா, பின்னே வருகிறதா என்று எங்கள் திகதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.