சேலத்திலிருந்து ஹட்டனுக்கு: ஓவியம் சொல்லிக்கொடுக்கப் போன கதை

வெளிநாட்டுக்குப் போய் வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இணையத்தில் தேடினால், முதலில் வருகிறவர்கள் நம்மிடம்தான் பணம் கேட்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, விமான நிலையத்தில் வந்து அழைத்துப்போக, அதற்கு மேல் நிர்வாகச் செலவு. சேலம் அம்மாப்பேட்டையில் ஓவிய வகுப்பு நடத்தி நான் பல மாதம் சம்பாதிப்பது அவர்களுக்கு இரண்டு வாரக் கட்டணம். என் சாப்பாட்டுச் செலவை நான் ஏற்பது நியாயம்தான். ஆனால் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, அங்கே ஏற்கெனவே ஓவிய ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டால் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. யானை பார்க்கக் கூட்டிப்போகும் நாள் மட்டும் தேதியோடு இருந்தது. அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு தெரிந்தவர் ஒருவர் மூலம், இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு சின்ன அமைப்பின் தொடர்பு கிடைத்தது. அவர்கள் பணம் கேட்கவில்லை, கேள்விகள் கேட்டார்கள். ஒரு தவணை முழுக்க இருக்க முடியுமா? (அங்கே பள்ளி ஆண்டுக்கு மூன்று தவணை.) கிராமப்புறப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் உண்டா? நீங்கள் கிளம்பிய பிறகு வகுப்பை யார் பார்த்துக்கொள்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காத இடத்துக்கு யாரும் போக வேண்டாம் என்பேன்.

விசா விஷயத்தில் பலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: "டூரிஸ்ட்டாப் போயிடுங்க, யார் கேக்கப் போறா?" இலங்கையின் சுற்றுலா விசாவில் சம்பளம் வாங்காமல்கூட வேலை செய்யக் கூடாது. முறைப்படி போக வேண்டுமானால், அழைக்கும் அமைப்பு அங்குள்ள அமைச்சின் பரிந்துரையை வாங்க வேண்டும். அதை வைத்து முதலில் நுழைவு விசா, அங்கே போய் இறங்கிய பிறகு வதிவிட விசா, அதாவது தங்கியிருப்பதற்கான விசா. நேரம் பிடிக்கும். பள்ளிக்குள் போய்ப் பாடம் எடுப்பதற்குக் கல்வி வலய அலுவலகத்தின் அனுமதி தனி. அதையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்ட காகிதங்களை நான் அனுப்பியதோடு சரி.

அந்தக் காகிதங்களில் இழுத்தடித்தது போலீஸ் சான்றிதழ், எல்லாரும் சொல்கிற பிசிசி. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டினால் நாள் கொடுப்பார்கள். என் பாஸ்போர்ட்டில் இருந்தது கல்யாணத்துக்கு முந்தைய முகவரி. அதனால் இப்போதைய முகவரிக்கு விசாரணை வந்தது. ஸ்டேஷனில் இருந்த ஏட்டு என் பேப்பரைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, படம் வரையச் சொல்லிக்குடுக்க சிலோன் வரைக்கும் போகணுமா? இங்க இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லி முடிச்சாச்சா?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் நல்ல கேள்வி. அதற்கு அன்று என்னிடம் இருந்த ஒரே பதில், சனிக்கிழமைதோறும் ஏற்காட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பதுதான்.

கிராமப்புறப் பழக்கம் உண்டா என்று கேட்டார்களே, அதற்காக ஆரம்பித்தது அது. ஏற்காட்டில் ஒரு பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, காலையில் முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போவேன். காபித் தோட்ட வேலைக்காரர்களின் பிள்ளைகளும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். முதல் நாள், பிடித்ததை வரையுங்கள் என்றேன். அத்தனை பேரும் ஒரே படம்: இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஓடிவரும் ஆறு, ஓரத்தில் தென்னை மரம். சேர்வராயன் மலைமேல் உட்கார்ந்துகொண்டு தென்னை மரம் வரைகிறார்கள்! பாடப்புத்தகமும் காலண்டரும் செய்த வேலை.

அடுத்த வாரம் வகுப்பை வெளியே கொண்டுபோனேன். ஆளுக்கொரு காபிக் கிளை, பார்த்து வரைய வேண்டும். நானும் கரும்பலகையில் ஒன்று வரைந்து வைத்திருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், பழம் நுனியில வராதுங்க. கணுவுலதான் கொத்தாப் புடிக்கும்" என்றாள். லீவு நாளில் அம்மாவோடு பழம் பறிக்கப் போகிறவள். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வருவது, ஓரம் நெளிந்திருப்பது, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி எப்படிப் பற்றி ஏறுகிறது என்பது எல்லாம் அவள் சொல்லி மற்றவர்கள் வரைந்தார்கள். பலகையில் இருந்த என் கிளையையும் அவளே திருத்தினாள்.

கலர் வாங்க அங்கே யாரிடமும் காசு இல்லை. கெட்டியான காபி டிகாக்‌ஷனில் கொஞ்சம் வேலம்பிசின் கரைத்தால் அருமையான பழுப்பு நிறம் வரும். காயக் காய மேலே மேலே பூசினால் கரும்பழுப்பு வரைக்கும் போகலாம். மஞ்சள் தூளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. இதையெல்லாம் ஹட்டனுக்குப் போகும் முன் அங்கேதான் சோதித்துப் பார்த்தேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேர விமானம், கோட்டை ஸ்டேஷனிலிருந்து மலை ரயில். சேர்ந்த முதல் நாளே குழந்தைகள் பாதுகாப்பு விதிகளைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் எங்கும் போடக் கூடாது, எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது, ஏதாவது தெரியவந்தால் 1929க்குச் சொல்ல வேண்டும். நம் ஊர் 1098 மாதிரி அங்கே அது.

பள்ளி ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கு முடிந்துவிடும். அங்கே இருந்த சித்திர ஆசிரியருக்கு என் வருகை முதலில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "சாதாரண தரப் பரீட்சை இருக்கு மிஸ், விளையாட்டுக் காட்ட நேரமில்லை" என்றார். சாதாரண தரம் என்பது அங்கே பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் பொதுத்தேர்வு. அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பரீட்சையில் படம் வரைவதோடு கலை வரலாறும் கேட்பார்கள். ஐந்தாம் நூற்றாண்டுச் சிகிரியா ஓவியங்களை நான் சேலத்திலேயே படித்துவிட்டுப் போயிருந்தேன். அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் சித்தன்னவாசல் படங்களையும் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். ஓவியங்களைப் பார்த்து என்ன எழுதுவது என்று அவர் சொல்லிக்கொடுப்பார், நான் எப்படி வரைவது என்று காட்டுவேன். அதற்கப்புறம் ஒத்துப்போய்விட்டது.

அங்கேயும் முக்கோண மலை, தென்னை மரம்தான்! இந்த முறை கரும்பலகையில் எதையும் வரைந்து வைக்காமல் நேரே தேயிலைச் செடிக்குக் கூட்டிப்போனேன். காபிக்குப் பதில் தேயிலைச் சாயம். துருப்பிடித்த ஆணிகளை வெல்லம் கரைத்த தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு வைத்திருந்தோம் (மூடியை இறுக்கக் கூடாது, புளித்து வாயு வரும்). துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரிக்காரர்களின் பழைய முறை இது. அந்தத் தண்ணீரைத் தேயிலைச் சாயத்தில் விட்டதும் கண்ணெதிரே கறுத்துப்போனது. பின்வரிசைப் பையன்கள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள்.

லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒரு பாட்டி நான் எந்த ஊர் என்று கேட்டார். சேலம் என்றதும், "எங்க பூட்டனும் சேலம் ஜில்லாதான்" என்றார். ஊர்ப் பெயர் தெரியவில்லை. சேலம், திருச்சி, மதுரைப் பக்கமிருந்தெல்லாம் ஆட்களைக் காபித் தோட்டங்களுக்குத்தான் முதலில் கொண்டுபோனார்கள். 1869இல் இலைநோய் வந்து காபி அழிந்த பிறகு அங்கே தேயிலை பரவியது. ஏற்காட்டில் காபி இன்னும் இருக்கிறது என்று சொன்னதைப் பாட்டி நம்பவில்லை.

போகிறவர்கள் மழைக்கோட்டும், அட்டைப்பூச்சிக்கு நீளமான சாக்ஸும் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த கலர்களைக் கொண்டுபோகாதீர்கள். அது தீர்ந்த நாளோடு வகுப்பும் தீர்ந்துவிடும். அந்தச் சித்திர ஆசிரியர் இப்போது ஆணித் தண்ணீரைத் தானே போடுகிறார். போன மாதம் பூஞ்சை பிடித்துவிட்டது என்று படம் அனுப்பிக் கேட்டார்.

அடுத்து நாமக்கல்லிலிருந்து ஒரு தம்பி கிளம்புகிறார். அவருக்கும் பாஸ்போர்ட்டில் பழைய முகவரிதான். விசாவுக்கு எழுதும் முன்பே அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.