உத்தரமேரூரை வரைந்து பழகுகிறேன்: நான்கு பயணம், பாதி நோட்டு

பழைய கட்டடங்களைப் பேனாவால் வரையப் பழக வேண்டும் என்று தோன்றியதும் நான் தேர்ந்தெடுத்த ஊர் உத்தரமேரூர். காஞ்சிபுரம் மாவட்டத்துச் சின்ன ஊர். பல்லவர் காலத்திலிருந்து கோயில்கள், கூடவே ஒரு பெரிய ஏரி. கல்வெட்டுகளில் அந்த ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். வைரமேகன் என்பது தந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். வெயிலைத் தாங்கினால் முக்கியமான கோயில்களை நடந்தே பார்த்துவிடலாம்.

முதல் பயணத்தில் நேராகச் சுந்தரவரதப் பெருமாள் கோயில் விமானத்தின் எதிரில் போய் உட்கார்ந்தேன். இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்துக் கோயில், அதாவது எட்டாம் நூற்றாண்டு. மூன்று தளத்திலும் கருவறை உண்டு. கீழே பெருமாள் நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். ஒரு மணி நேரம் வரைந்து முடித்துப் பார்த்தால் நோட்டில் மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று இருந்தது. கைப்பிடி மட்டும்தான் பாக்கி.

என்ன தப்பு என்று வீட்டுக்கு வந்துதான் புரிந்தது. மூன்று தளத்தையும் ஒரே உயரத்தில் போட்டிருந்தேன். நிஜத்தில் மேலே போகப் போகத் தளம் உள்ளே ஒதுங்கும், உயரமும் குறையும். படுத்திருக்கும் பெருமாளுக்குத்தான் நீள இடம் வேண்டும், அவருக்கோ இருப்பதிலேயே ஒடுங்கின தளம்! இதை யோசித்துக் கட்டிய சிற்பிகளை நினைத்தால் என் பேனாவுக்கே கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் பயணத்தில் மேலே நிமிர்ந்து பார்ப்பதே இல்லை என்று முடிவு செய்தேன். அடித்தளம் மட்டும். கோயில் கட்டடத்தில் இதற்கு அதிட்டானம் என்று பெயர். தரையை ஒட்டி உபானம், அதன்மேல் ஜகதி, அப்புறம் குமுதம், உள்வாங்கின கண்டம், மேலே வெளியே நீட்டிய பட்டிகை. வரிசை கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் மாறும், ஆனால் இந்த ஐந்து பெயர் தெரிந்தால் போதும், கண்ணுக்குப் பிடி கிடைத்துவிடுகிறது. பெயர் தெரியாதவரை ‘கல்லில் ஏதோ கோடுகள்’ என்றுதான் நான் வரைந்துகொண்டிருந்தேன். தெரிந்த பிறகு எது முன்னே நிற்கிறது, எது பின்னே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

அதிகம் படுத்தியது குமுதம். இதில் உருண்டையான விருத்தக் குமுதம் உண்டு, பட்டை தீட்டிய முப்பட்டைக் குமுதமும் உண்டு. வெறும் கோட்டில் வரைந்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், நிழலில்தான் வித்தியாசம். உருண்டையில் நிழல் மெல்ல மெல்ல அடர்ந்துகொண்டே போகும், பட்டையில் விளிம்போடு சட்டென்று மாறும். இந்த ஒரு விஷயத்துக்கே ஆறு பக்கம் செலவானது. உள்ளங்கை வேர்வை பட்டு இரண்டு பக்கத்தில் மை பரவிவிட்டது. இப்போது கைக்கடியில் ஒரு பழைய கைக்குட்டை வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் பயணம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைச் சொல்லும் பராந்தக சோழன் கல்வெட்டுகள் இங்கேதான் இருக்கின்றன. ஒன்று பொது ஆண்டு 919, இன்னொன்று 921. நட்ட நடுப்பகலில் போய் நின்றால் சுவர் வெறும் சாம்பல் நிறப் பலகை. ஓர் எழுத்தும் தெரியவில்லை. கல்லில் வெட்டிய எழுத்துக்குச் சாய்ந்த வெயில் வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் தங்கும். மாலை வரை காத்திருந்தேன். மெதுவாக வரிகள் எழுந்து வந்தன.

‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்ற தொடரைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது. மதுரை வென்ற பராந்தகனின் பட்டம் அது. பழைய எழுத்தில் புள்ளி கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம், அதனால் க என்பதும் க் என்பதும் ஒன்றுபோலவே நிற்கும். எகர ஏகார வித்தியாசமும் இல்லை. ஊகித்து ஊகித்துத்தான் படிக்க வேண்டும். எழுத்து தெரியட்டும் என்று சிலர் சுண்ணக்கட்டி தடவுவார்கள், தயவுசெய்து வேண்டாம். காத்திருந்தால் வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும்.

கல்வெட்டு சொல்லும் செய்தியை அச்சில் முன்பே படித்திருந்தேன். ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டு மாதிரியான பிரிவுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நிற்பவருக்கு வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். வயது வரம்பு முதல் கல்வெட்டில் 30 முதல் 60. இரண்டே வருடம் கழித்து 35 முதல் 70. இடையில் என்ன சண்டை நடந்ததோ! பதவியில் இருந்தபோது கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் அப்புறம் நிற்க முடியாது. ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். சுவரை நேரில் பார்த்தபோது எனக்கு ஒட்டிக்கொண்டது இந்த ஆறு பேர்தான். அன்று எழுத்தை வரையவில்லை. கல் இணைப்புகளையும் வரிகளின் ஓட்டத்தையும் மட்டும் குறித்துக்கொண்டேன்.

நான்காம் பயணத்தில் மறுபடி விமானம். இந்த முறை முதலில் நடுக்கோடு ஒன்று, அப்புறம் அதிட்டானம், அதன் பிறகே மேல்தளங்கள். பென்சிலை நீட்டிப் பிடித்து, கீழ்த்தளம் எத்தனை பென்சில், அடுத்தது எத்தனை என்று அளந்தேன். பக்கத்தில் நின்று கைபேசியில் படம் எடுத்து வரைந்தால் விமானம் பின்னால் சாய்ந்த மாதிரி வரும், எட்டப் போய் உட்காருவதே மேல். இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதை என்ற சுண்ணாம்புச் சாந்தும். கல்லின் விளிம்பு கூர்மையானது, சுதை வேலையோ பூச்சுமேல் பூச்சாக மழுங்கியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் கோடு போட்டால் பொய்யாகத் தெரிகிறது. கல்லுக்கு நெடுங்கோடு, சுதைக்கு விட்டு விட்டு ஓடும் கோடு என்று வைத்தபோதுதான் முதல்முறையாகக் கட்டடம் எடையோடு உட்கார்ந்தது. டிபன் கேரியர் இல்லை. மூன்றாம் தளத்தின் இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் தொங்குகிறது.

அன்று சாயங்காலம் ஏரிக்கரைக்கும் போனேன். ஆறு பேர் காத்த ஏரியை ஒரு பக்கமாவது வரையாமல் விடுவதா என்று நினைத்து உட்கார்ந்தேன். கரை என்பது நீளமான ஒரு கோடு, மேலே வானம், கீழே தண்ணீர். பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. அங்கே மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நோட்டை எட்டிப் பார்த்து, “என்னப்பா, இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று கேட்டார். அடுத்த முறை மதகை வரையப் போகிறேன்.